பதினாலாம் நம்பர்

நீதான் பண்ணியிருக்கே. வேற எவனும் இல்லை, நீதான். எந்த ஊரோ, ஏசி போட்ட ரூமோ போடாத ரூமோ, காதில் எதையோ மாட்டிக்கொண்டு எங்க ஆட்டத்தின் வீடியோவை ஓட்டி ஓட்டிப் பார்த்து, பந்து யார் காலில் பட்டது, வலது காலா இடது காலா, அடுத்து யாரிடம் போனது என்று ஒன்று விடாமல் கம்ப்யூட்டரில் குறித்தாயே, கிரவுண்டுக்குள் நாய் புகுந்ததைக்கூடக் குறித்தாயே, ஆள் மாறியதை மட்டும் எப்படிடா கோட்டை விட்டே? பேரும் முகமும் தெரியாத அந்த ஒருத்தனை, ஆட்டக்காரர்களுக்குத் தரகு பார்க்கிற எத்திராஜ் இப்படித்தான் மனசுக்குள் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நெய்தல் கால்பந்துக் கிளப்பின் உடற்பயிற்சிக் கூடத்தில், கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம், கைப்பிடி இல்லாத நாற்காலியில், முட்டிக்கு ஒரு கையாக ஊன்றிக்கொண்டு, கல்யாண வீட்டில் அடுத்த பந்திக்குக் காத்திருக்கிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பென்னி என்கிற பெனடிக்ட் ஓடிக்கொண்டிருந்தான். மூக்கையும் வாயையும் மூடி ஒரு மாஸ்க், மாஸ்க்கிலிருந்து ஒரு குழாய், நெஞ்சில் ஒயர்கள், காலுக்குக் கீழே ட்ரெட்மில் பட்டை. ஓடுகிறான் ஓடுகிறான், நின்ற இடத்திலேயே இருக்கிறான். பக்கத்தில் நிற்கிற டாக்டர் அவ்வப்போது ஒரு பொத்தானை அமுக்க, பட்டையின் வேகம் ஏறுகிறது. எதுவரைக்கும் தாங்குகிறான் என்பதுதான் சோதனை. தாங்கினால் சாயங்காலத்துக்குள் ஒரு வருஷ ஒப்பந்தம். இருபத்தெட்டு வயசில் பென்னிக்குக் கிடைக்கிற முதல் பெரிய கிளப், இதை விட்டால் வேறெவனும் கூப்பிட மாட்டான். ஆனால் தாங்க மாட்டான். பென்னி ஒரு மணி நேரத்து ஆட்டக்காரன், அந்த ஒரு மணி நேரத்தில் ராஜா, அதற்கு மேல் நாக்கு தள்ளிவிடும். அது எத்திராஜுக்கு என்றைக்கோ தெரிந்த விஷயம். இந்தக் கிளப் அவனை எதற்காகக் கூப்பிட்டது என்பதுதான் இப்போது, இந்த லேப்டாப்பைப் பார்த்த பிறகு, தெரிந்தது. கழுத்துக்குப் பின்னால் ஏசிக் காற்று ஐஸ்கட்டி வைத்தது போல் படுகிறது. தட், தட், தட், தட். கண்ணாடியைத் தாண்டி வருகிறது பென்னியின் காலடி. இந்தச் சத்தம் எந்த இடத்தில் தடுமாறும் என்று காது தானாகவே காத்திருக்கிறது. புதுப்பேட்டையில் பழைய எஞ்சின் வாங்கி விற்ற காது. பதினாறு வயசில் கிரீஸ் படிந்த கையோடு நின்று, ஏமாந்து, ஏமாந்ததற்கு முதலாளியிடம் அறை வாங்கி, அப்படித்தான் தேறியது. ஸ்டார்ட் பண்ணிவிட்டு, விலை கேட்காமல், கண்ணை மூடிக் கேட்க வேண்டும். எந்த சிலிண்டர் இழுக்கவில்லை என்று அதுவே சொல்லும்.

லேப்டாப் பக்கத்து நாற்காலியில் இருந்தது, தஸ்லீமாவின் மடியில். ஆம்பூர்ப் பொண்ணு. கிளப்புக்கு ஆட்டக்காரர்களைத் தேடிக் கொடுப்பது அவள் வேலை, ஆனால் கிரவுண்டு கிரவுண்டாக அலைய மாட்டாள், எண்களுக்குள் தேடுவாள். முதல் தடவை போன் பண்ணி, "சார், பர்மா நகர் பிரதர்ஸ் டீம்ல பதினாலாம் நம்பர் பெனடிக்ட் உங்க ஆளுதானே?" என்றபோது எத்திராஜுக்கு எரிச்சல்தான் வந்தது. "நீ அவன் ஆட்டத்தப் பாத்தியாம்மா?" "கிரவுண்டுக்கு வந்ததில்ல சார்." "அப்புறம் இன்னாத்தப் பாத்தே?" "மத்த எல்லாத்தையும் பாத்துட்டேன்." திமிர்தான். ஆனால் அந்தத் திமிருக்குள் சரக்கு இருந்தது. கோல் கணக்கு அவளுக்கு வேண்டாமாம். கோல் அடிக்கிறவனை ஊருக்கே தெரியும், விலை அதற்குள் ஏறிப் போயிருக்கும். அவள் தேடியது வேறு. எதிராளி முன்னால் தள்ள நினைத்த பந்தைப் பின்னால் தள்ள வைக்கிறவன். பந்தைத் தொடாமலே, நிற்கிற இடத்தாலேயே. "அத எப்படிம்மா எண்ணுவே? நடக்காதத எப்படி எண்றது?" என்று கேட்டான் எத்திராஜ். "அவரு பக்கத்துல இருக்கும்போது எதிர் டீம் எத்தனை தடவ பின்னாடி பாஸ் போடுது, அவரு இல்லாத பக்கம் எத்தனை தடவ போடுதுன்னு பிரிச்சுப் பாத்தா தெரிஞ்சிடும் சார்." எஞ்சினில் சத்தம் போடுகிற பேரிங்கை எந்தப் பயலும் கண்டுபிடிப்பான். சத்தமே போடாமல் மொத்த வண்டியையும் தாங்குகிற பேரிங்கை இந்தப் பொண்ணு ஆம்பூரில் இருந்துகொண்டு கண்டுபிடிக்கிறாளே. எத்தனை வருஷம் கோட்டுக்கு வெளியே நின்று கத்தியிருப்பான், கெண்டைக்கால் சதையைப் பார்த்து, ஷூ நாடா கட்டுகிற விதத்தைப் பார்த்து ஆள் எடுத்திருப்பான், ஒருத்தன் நிற்கிற இடத்தை எடை போடலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. பேரம் பேச வந்த இடத்தில் மனசு கைகூப்பியது. அப்போதுதான் அவள் அந்தக் கடைசி வார்த்தையைச் சொன்னாள். "அதுவும் கடைசி அரைமணி நேரத்துல இது கூடுது சார். எல்லாரும் தளர்ற நேரத்துல இவரு ஏறுறாரு. கிராஃப்ல இப்படி ஒரு கோடு நான் எங்கயுமே பாக்கல." எத்திராஜ் யோசிக்கவே இல்லை. "ஆமாம்மா, குதிர அவன்," என்று சொல்லிவிட்டான். வாங்க வந்தவன் சரக்கைப் புகழும்போது குறுக்கே பேசுகிறவன் வியாபாரியே இல்லை. சும்மா வாய்க்கு வந்த பேச்சு என்று நினைத்தான். கடைசி அரைமணி நேரம். கடைசி அரைமணி நேரம். அதைத்தான் விலை பேசியிருக்கிறோம் என்று இப்போதல்லவா புரிகிறது.

பென்னி ஓடட்டும், அதுவரை சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று தஸ்லீமாதான் லேப்டாப்பைத் திருப்பினாள். "எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்ணா இது, பாருங்களேன்." ஆட்டம் முடியப் போகிற நேரம், எழுபத்தெட்டாவது நிமிஷம். கம்பத்தின் மேல் கட்டிய ஒற்றைக் கேமரா, மைதானத்தின் அந்தக் கோடியில் ஆட்கள் அரிசிமணி அளவு. முதுகில் பதினாலு. பந்து எதிர் டீமின் வலது பக்கம். பதினாலாம் நம்பர் பந்தைப் பார்த்து ஓடவில்லை. தோளுக்கு மேல் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான், இரண்டடி இடது பக்கம் நகர்ந்தான், அவ்வளவுதான். பந்து வைத்திருந்தவன் காலைத் தூக்கியவன் தூக்கியபடியே யோசித்து, திரும்பி, தன் கோல்கீப்பரிடமே தள்ளினான். "ஐயோ, அழகு," என்றாள் தஸ்லீமா, சாப்பாட்டைச் சொல்கிற மாதிரி. எத்திராஜுக்கும் அழகாகத்தான் இருந்தது. அந்த அழகைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது அந்தப் பதினாலாம் நம்பர் இரண்டு விரலால் நெஞ்சுப் பக்கம் பனியனைப் பிடித்து இழுத்து விட்டான். ஒட்டிக்கொண்ட துணியை உடம்பிலிருந்து பிரிக்கிற மாதிரி. கொஞ்ச தூரம் ஓடிவிட்டு மறுபடியும் அதே மாதிரி. எத்திராஜ் திரைக்குக் கிட்டே குனிந்தான். தன் வேர்வையில் நனைந்தவன் அப்படி இழுத்துவிட மாட்டான், அவனுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. அடுத்தவன் வேர்வையை மாட்டிக்கொண்டவன்தான் அப்படிப் பிடித்து இழுப்பான். அது பென்னி இல்லை. அது கஜா.

கஜபதி. பர்மா நகர் பிரதர்ஸில் பனியன் பற்றாக்குறை என்பது புதுசா என்ன, தைத்த ஒரே செட்டில் இரண்டு கிழிந்தது, ஒன்று கொடியிலிருந்து பறந்தது, ஒன்றை எவனோ வீட்டுக்கு எடுத்துப் போய்த் திருப்பித் தரவில்லை. அதனால் ஆள் மாற்றும்போது வெளியே வருகிறவன் கோட்டோரத்திலேயே பனியனைக் கழற்றி உள்ளே போகிறவனிடம் நீட்டுவான். சொட்டச் சொட்ட ஈரம். பிழிந்து மாட்டிக்கொண்டு ஓட வேண்டியதுதான். லீக் ஆட்டம் நடத்துகிறவர்கள் பார்த்தும் பாராத மாதிரி இருந்துவிடுவார்கள், ஆள் மாற்றிய துண்டுச் சீட்டு ரெஃப்ரீயின் பாக்கெட்டோடு துவைக்கப் போய்விடும். பென்னி கழற்றுவான், கஜா மாட்டுவான், எல்லா ஆட்டத்திலும் அதே இருவர். "என் வேர்வ பட்டாத்தான்டா உனக்கு ஆட்டம் வருது," என்று பென்னி கிண்டல் பண்ணுவான். "அதான் பாதி ஆட்டத்துக்கு மேல உனக்கு வரமாட்டேங்குது, எல்லாத்தையும் எனக்கே ஊத்திடுறே," என்பான் கஜா. சிரிப்பார்கள். எத்திராஜும் சிரித்திருக்கிறான், சிரித்துவிட்டு டீக்கடைப் பக்கம் நகர்ந்திருக்கிறான். பென்னி வெளியே வந்துவிட்டால் அவனுக்கு அங்கே வேலை இல்லை, மற்ற கிளப்காரர்களைப் பிடித்துப் பேச அதுதான் நேரம். அவன் முதுகுக்குப் பின்னால், அவன் டீயை ஊதிக்கொண்டிருந்தபோது, இந்த இரண்டடி இடது பக்கம் நடந்திருக்கிறது. ஒரு தடவை இல்லை, எல்லா ஆட்டத்திலும். கோட்டோரம் இருந்த எவனும் பார்க்கவில்லை. பயிற்சி கொடுக்கிற மாஸ்டர் பார்க்கவில்லை, பென்னி பார்க்கவில்லை, கஜாவே பார்த்திருக்க மாட்டான், இந்நேரம் மாதவரத்தில் சிமெண்ட் மூட்டை இறக்கிக்கொண்டிருப்பான். பார்த்தவன் ஒருத்தன்தான். எந்த ஊரோ, அந்த ரூமில் உட்கார்ந்திருந்தவன்.

அதுதான் எத்திராஜுக்குத் தாங்கவில்லை. கொஞ்சம் முன்னால் அவன்தான், "யாரும்மா இதெல்லாம் குறிக்கிறது, மிஷினா?" என்று கேட்டிருந்தான். "மனுஷங்கதாண்ணா. ஒரு கம்பெனி இருக்கு. வீடியோ போனா அங்க ஒருத்தர் உக்காந்து ஒவ்வொரு தொடுதலையும் குறிப்பாரு. யாருன்னு நமக்குத் தெரியாது." சொல்லிவிட்டு அந்த ஆட்டத்தின் வரிகளை ஓடவிட்டுக் காட்டினாள். இடது கால், குட்டை பாஸ், எதிராளி நெருக்கும்போது. தலை, தவறியது. நடுவில் ஒரு வரி: நாய், ஆட்டம் நிறுத்தம். அடுத்த வரி: நாய் வெளியேறியது. எத்திராஜ் அதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தான், டாக்டர்கூடத் திரும்பிப் பார்த்தார். டிக்கெட் வாங்கி ஒருத்தனும் பார்க்காத ஆட்டம், பார்க்க வந்தவனும் பாதியில் எழுந்து போன ஆட்டம், அதை ஒரு மனுஷன் நிறுத்தி நிறுத்தி, பின்னால் ஓட்டி, நாய் போகிறவரைக்கும் மரியாதையாகக் காத்திருந்து எழுதியிருக்கிறான். தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்ததைக்கூட எழுதியிருக்கிறான். அவனுடைய அந்தக் கண் இல்லாவிட்டால் தஸ்லீமாவிடம் எண் கிடையாது, எண் இல்லாவிட்டால் இந்தக் கண்ணாடிக் கூடம் கிடையாது. யாருடா நீ, உன் காலைத் தொட்டுக் கும்பிடலாமா, இல்லை கன்னத்தில் ஒன்று விடலாமா? இவ்வளவு பார்த்தவன் முதுகு நம்பரை நம்பினாயே. பதினாலு இறங்கியது, பதினாலு முடித்தது, நடுவில் ஒரு பயல் வெளியே வந்து பொத்தென்று உட்கார்ந்து தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டதைக் கேமரா காட்டவில்லை என்றாலும், கால் மாறியிருப்பது தெரியவில்லையா உனக்கு? பென்னி வலது காலன். கஜா இரண்டு காலாலும் தள்ளுவான். நீயே எழுதியிருக்கிறாயே, வலது வலது வலது என்று வந்துவிட்டுத் திடீரென்று இடது இடது என்று. உன் கை எழுதியதை உன் கண் படிக்கவில்லையா?

தட், தட், தட். டாக்டர் மறுபடி பொத்தானை அமுக்கினார். பென்னியின் தோள் முன்னால் சரிய ஆரம்பித்தது. வந்துவிட்டது. எத்திராஜ் நாக்கு தானாகவே ஒரு பொய்யைச் செய்து தயாராக வைத்துக்கொண்டது. ராத்திரி முழுக்கக் காய்ச்சல் சார், மாத்திரை போட்டுக் கூட்டிட்டு வந்தேன், ரெண்டு நாள் குடுங்க, புலி மாதிரி ஓடுவான். நம்புவார்கள். எண் அப்படிச் சொல்கிறதே, எண்ணை நம்பினவன் பொய்யையும் நம்புவான். கையெழுத்து ஆகிவிடும். ஆன பிறகு? முதல் ஆட்டத்திலேயே பென்னி நுரை தள்ளிக்கொண்டு நிற்பான், பெஞ்சில் உட்கார வைப்பார்கள், வருஷம் முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள், எத்திராஜிடம் இனிமேல் எவனும் ஆள் வாங்க மாட்டான். சரி, அதுகூடப் போகட்டும். உண்மையைச் சொன்னால்? இதோ இப்போதே அனுப்பிவிடுவார்கள். பென்னியும் போச்சு, கஜாவை யாரும் கூப்பிடவும் போவதில்லை, இருக்கிற ஒன்றையும் கெடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். சும்மா இரு எத்திராஜு. வாயை மூடிக்கொண்டு இரு. ஆனால் மூடிய வாய்க்குள் ஒன்று நமைச்சல் எடுத்தது. புதுப்பேட்டையில் அவன் எல்லாம் பண்ணியிருக்கிறான், கத்தியிருக்கிறான், கல்லாப்பெட்டியைக் கவிழ்த்திருக்கிறான், மழையில் ஊறிய எஞ்சினைத் துடைத்து நேற்று வந்தது என்றிருக்கிறான். எஞ்சின் நம்பரை மட்டும் அடித்து மாற்றியதில்லை. உளியை வைத்து ஒரு எஞ்சின் மேல் இன்னொரு எஞ்சினின் நம்பரை அடிக்கிறவனோடு அவன் டீ கூடக் குடிக்க மாட்டான். மோசமான எஞ்சினை நல்ல நம்பரில் விற்பதற்காக இல்லை அந்தக் கோபம். நல்ல எஞ்சின் ஒன்று எங்கேயோ தன் நம்பர் இல்லாமல் கிடக்குமே, அதை இனி யாரும் தேட முடியாதே, அதற்காக.

பட்டை மெதுவாகி நின்றது. டாக்டர் மாஸ்க்கைக் கழற்ற, பென்னி இடுப்பில் கை வைத்துக் குனிந்தான். வெளியே வந்து நேராகத் தரையில் சரிந்தான். "ண்ணா, செத்தேன்." டாக்டர் தாளைப் பார்த்தபடி, "ஆள் ஃபிட்தான், குறையில்ல. ஆனா நீங்க சொன்ன அந்தக் கடைசி அரைமணி நேர ஆள் இவரு மாதிரி தெரியலையே. உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். எத்திராஜ் வாயைத் திறந்தான். காய்ச்சல் நாக்கு நுனியில் இருந்தது. அப்போது தஸ்லீமாவின் முகத்தைப் பார்த்தான். அவள் பென்னியைப் பார்க்கவில்லை, லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சமைத்த சோறு குழைந்துவிட்ட மாதிரி. "அப்ப நான்தான் தப்பாப் போட்டுட்டேனா," என்றாள், யாரிடமும் இல்லாமல். எத்திராஜுக்குச் சுரீரென்று ஏறியது.

"உன் கணக்கு சரிதாம்மா! பேருதான் தப்பு!"

கூடமே திரும்பியது. கத்தித்தான் விட்டான். "அது இவன் இல்ல. முதல் ஒரு மணி நேரம் இவன், அப்புறம் ஆடுறது கஜபதின்னு வேற ஒருத்தன். பனியன் ஒண்ணு, ஆளு ரெண்டு."

"ஐய, அது கஜாதாண்ணா," என்றான் பென்னி தரையிலிருந்து, மூச்சு வாங்கியபடி. "உங்களுக்குத் தெரியும்னு இல்ல நெனச்சேன்? ரெண்டு பேரையும் கூப்புடுவாங்கன்னு நெனச்சேன்." பிறகுதான் அவனுக்கு உறைத்தது. "போச்சாண்ணா?"

"வாய மூட்றா."

தஸ்லீமா கோபப்படவில்லை. திட்டுவாள் என்று எத்திராஜ் தோளை இறுக்கி வைத்திருந்தான். அவள் விரல்கள் அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தன, வலது, இடது என்று இரண்டு நிறத்தில் புள்ளிகள் பிரிந்தன, கோடு இரண்டாக உடைந்தது. ஒன்று உயரத்தில் ஆரம்பித்து ஒரு மணி நேரத்தில் இறங்கி முடிந்தது. இன்னொன்று அந்த இடத்தில் பிறந்து நேராக மேலே போனது. "அடியாத்தே," என்றாள். "அதான்! மனுஷன் எப்படி இப்படி ஓடுவான்னு ராவெல்லாம் யோசிச்சேண்ணா. ஒரு மனுஷனே இல்லையா!" சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்திராஜுக்கு முதுகெலும்பு நிமிர்ந்தது, வியாபாரி விழித்துக்கொண்டான். "அப்ப ரெண்டு பேரையும் எடு. நீ கேட்ட தொண்ணூறு நிமிஷமும் கிடைக்குது. பனியன் செலவு ஒண்ணுதான்." பென்னிகூடச் சிரித்துவிட்டான். தஸ்லீமா தலையாட்டினாள். "நான் சொன்னா போதாதுண்ணா. கிளப் கமிட்டி, ஆட்டத்தக் குறிக்கிற அந்தக் கம்பெனி கொடுக்கிற பேரைத்தான் பாக்கும். அவங்க கணக்குல கஜபதின்னு ஒரு ஆளே இல்ல. அந்த ஆட்டத்தையெல்லாம் குறிச்சவரு திரும்பத் திறந்து பிரிச்சுக் கொடுத்தாதான் ரெண்டு பேரையுமே கமிட்டி முன்னாடி வைக்க முடியும். இல்லன்னா இவரையும் வேண்டாம்னுடுவாங்க." சொல்லிக்கொண்டே அந்தக் கம்பெனிக்கு மெயில் அடிக்க ஆரம்பித்தாள். "தயவுசெய்து சரிபார்க்கவும், போதுமாண்ணா?"

"தயவு இன்னாத்துக்கு? நான் சொல்றத அடி," என்று எத்திராஜ் எழுந்து நின்றான், எதிரில் அந்த ஆள் நிற்கிற மாதிரி. "அடி. உன்ன மாதிரி கண்ணு நான் பாத்ததில்ல. நாங்க யாரும் பாக்காதத நீ பாத்துட்டே. அதனாலதான் உன்ன விடமாட்டேன். அடிச்சியா? எழுந்திரிச்சு அந்த ஆட்டத்தையெல்லாம் திரும்பப் போடு. காலப் பாரு, முதுகப் பாக்காத. முகம் தெரியலன்னா எனக்கு போன் போடு, எந்த ஊரா இருந்தாலும் பஸ் ஏறி வரேன், பக்கத்துல உக்காந்து காட்டறேன், டீ நான் வாங்கித் தரேன். பெனடிக்ட் பண்ணது பெனடிக்டுக்கு. மத்தது அவனுக்கு. பேரு கஜபதி. க, ஜ, ப, தி. உன் கையால எழுது. நீதான் எழுதணும்."